நாலு பேர்

எமில்டா,
உன்னை நிறை பார்த்தது
கந்தளாய் நெற்களஞ்சியத் தராசில் என்று
நீயேதான் சொன்னாய்.
கிளினிக் தராசு நூற்றி இருபதோடு நின்றுவிட,
தாதி உன்னைவிட வெட்கப்பட,
பஸ் ஏறிப் போய்
மூட்டைகளுக்கு நடுவே நின்றாயாம்.
"ஈரப்பதன் பார்க்கேல்லையோ?" என்று
கிளாக்கரிடம் கேட்டாயாம்.
நாங்கள் சிரித்தோம்.
சிரித்தால் தையல் இழுக்கும் நாட்கள் அவை.

சனிக்கிழமைகளில் டச்பே கடற்கரை.
தபாலதிபர் சிவபாதம், கிண்ணியா ஜெஸீமா,
சீனக்குடாவிலிருந்து துஷார,
நீ, நான்.
கோழிமுட்டை அளவு வயிற்றோடு
கொழும்பிலிருந்து திரும்பிய ஐந்து பேர்.
மருந்துக் குவளையில் முப்பது மில்லி தண்ணீர்.
கால் மணித்தியாலம் கழித்து இன்னொரு முப்பது.
ஒரு மரக்கறி றொட்டியை நீ ஐந்தாய் வெட்டுவாய்,
அப்போதும் மிஞ்சும்.
காது கிழிந்த மான் ஒன்று
அந்த மிச்சத்துக்கென்றே கோட்டைப் பக்கமிருந்து வரும்.
"பார், நாங்கள் மெலிய மெலிய
இது கொழுக்குது" என்பாய்.

முடி கொட்டிய மாதம்
வீட்டில் சொல்லாததை உன்னிடம் சொன்னேன்.
நீ ஒன்றும் கதைக்கவில்லை.
கைப்பையைத் திறந்து
உன் சீப்பை எடுத்துக் காட்டினாய்.

"இவளின்ர பெட்டியைத் தூக்க எட்டுப் பேர் வேணும்"
என்று உன் மாமி சொன்னது
ஒரு நத்தாருக்கு, கேக் வெட்டும்போது.
எல்லாரும் சிரிக்க நீயும் சிரித்தாயாம்.
"நாலு பேர் போதும் எண்டு ஆக்கிக் காட்டுறன்"
என்பாய் எங்களிடம்,
தண்ணீர்க் குவளையைச் சாராயம்போல உயர்த்தி.

பதினாறாம் மாதம், ஒரு செவ்வாய் இரவு,
வயிறு முறுக்கியது.
காஸ் என்று இஞ்சி அவித்துக் குடித்தாய்.
பெரியாஸ்பத்திரியிலும் காஸ் என்றார்கள்.
விடியக் கண்டிக்கு ஏற்றினார்கள்,
ஹபறணை தாண்டவில்லை.
குடல் சுற்றிக் கிடந்ததைப்
பிறகு ஒரு கடதாசியில் எழுதித் தந்தார்கள்.

அன்றிரவு இரண்டு பத்துக்கு
எனக்கு உன் அழைப்பு வந்தது.
பெயரைப் பார்த்தேன்.
காலையில் கதைக்கலாம் என்று
போனைக் கவிழ்த்து வைத்தேன்.

சாவீட்டில் நாலு பேர் நாலு விதமாய்க் கதைத்தார்கள்.
கத்தி வைத்தால் இப்படித்தான்.
கடவுள் தந்த உடம்பல்லோ.
எவ்வளவு வடிவாய் வந்திருந்தாள், பாவம்.
உன் மாமி மட்டும் வாய் திறக்கவில்லை.
உன் பழைய சட்டை ஒன்றை, கூடாரம்போல,
மடியில் வைத்து மடித்தா,
பிரித்தா, திரும்ப மடித்தா.

தூக்க வந்தவர்கள் ஆறு பேர்.
பழைய கணக்கில்
மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார்கள்.
பெட்டி சட்டென்று எழும்பி ஒருபக்கம் சரிந்தது.
இரண்டு பேர் கையை எடுத்துவிட்டு
அதை எங்கே வைப்பதென்று தெரியாமல்
பக்கத்தில் நடந்தார்கள்.
நாலு பேர் போதுமாயிருந்தது, எமில்டா.
கை தட்டியிருப்பேன்,
ஜெஸீமா என் மணிக்கட்டைப் பிடித்திராவிட்டால்.

எங்களுக்கு எதுவும் ஒரே மடக்கில் இறங்காது.
இதுவும்
முப்பது முப்பதாய்த்தான் இறங்குகிறது.
அவசரப்பட்டால் திரும்பி வருகிறது.

நேற்றுச் சனிக்கிழமை.
துஷார றொட்டியை ஐந்தாய் வெட்டிவிட்டு
கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
மான் வந்தது.
ஐந்து துண்டையும் தின்றது,
எண்ணெய் ஊறிய கடதாசியையும்.
சிவபாதம் அதை விரட்டவில்லை.

திரும்பும்போது, மணலில் செருப்பைத் தேடியபடி,
ஜெஸீமாவிடம் மட்டும் சொன்னேன்,
இரண்டு பத்து என்று.
அவ கடலைப் பார்த்தா.
பிறகு கைப்பையைத் திறந்து
போனை எடுத்துக் காட்டினா.
இரண்டு பன்னிரண்டு.
உன் பெயர்,
சிவப்பு எழுத்தில்.